பிறந்து ஆறு மாதம் ஓடிய ரத்தம் எங்கே போகிறது? கரு ஹீமோகுளோபின் மரபணுவை அணைக்கும் புரதங்கள் குறித்து ஒரு விவாத இழை

கூடலூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் லாக் ஓபரான் பாடம்; பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பு அது. அடக்கிப் புரதம் டிஎன்ஏவின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, மரபணுவைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் முன்னேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது, மரபணு அணைந்துவிடுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு முடித்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய தம்பிக்கு அரிவாள் செல் சோகை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய், இருப்பது எனக்குத் தெரியும். "பிறந்து ஆறு மாசம் வரைக்கும் அவனுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர், நல்லாத்தான் இருந்தான். அப்ப ஓடின ரத்தம் எங்க போச்சு? அதையும் ஏதாவது புரதம் அணைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

கருவில் இருக்கும்போது காமா என்ற புரதச் சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின் உருவாகிறது, பிறந்த பிறகு அதன் இடத்துக்கு பீட்டா சங்கிலி வருகிறது, அரிவாள் செல் நோயின் பிழை பீட்டாவில்தான் இருக்கிறது என்பது வரை நான் அறிவேன். ஆனால் காமா மரபணுவை அணைப்பது எது, எந்த விதத்தில் அணைக்கிறது, பாக்டீரியாவில் நடப்பதை வைத்து மனித ரத்தத்தை விளக்கினால் தவறாகிவிடுமா என்பதில் எனக்குத் தெளிவு போதவில்லை. திங்கட்கிழமை அவளுக்குச் சரியான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவன். மரபணுவைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கண்ணால் பார்ப்பதை நான் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, அமிலக் கரைசலில் சில நிமிடம் வைத்து எடுத்துச் சாயம் ஏற்றுவோம். பெரியவர்களின் ஹீமோகுளோபின் அந்த அமிலத்தில் கரைந்து வெளியேறிவிடும். செல்லின் வெறும் உறை மட்டும் வெளிறிய வட்டமாக நிற்கும். கரு ஹீமோகுளோபின் கரையாது. ஆகவே தொப்புள்கொடி ரத்தத்தில் செல்களில் பெரும்பாலானவை நல்ல இளஞ்சிவப்பாகத் தெரியும். அதே குழந்தையின் ரத்தத்தை ஒரு வயதுக்குப் பிறகு பார்த்தால் புலம் முழுக்க வெளிறிய வட்டங்கள். ஆங்காங்கே மட்டும் ஒரு சிவப்புச் செல் தென்படும்.

"எங்கே போனது" என்ற கேள்விக்கு எளிய பதில் இதுதான்: அந்தச் செல்கள் தம் ஆயுளை முடித்துக்கொண்டு சிதைந்துவிட்டன. குழந்தையின் சிவப்பணு மூன்று மாதம்கூடத் தாங்குவது அரிது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த செல்களில் காமா சங்கிலி இல்லை. ரத்தம் மாறியது ஒரு நாளில் அன்று; செல் செல்லாக மாறியது.

மரபணு மாணவி எழுதியது:

இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உங்கள் மாணவியின் ஊகம் சரி அம்மா. அணைக்கும் புரதம் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயர் நமக்குத் தெரியவர அறுபது ஆண்டுகள் ஆயின.

1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், அரிவாள் செல் நோயுள்ள சிசுக்களின் ரத்தத்தில் அரிவாள் வடிவம் எளிதில் உண்டாவதில்லை என்பதைக் கவனித்து, கரு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று கருதினார். அவர் கருதியது சரியென்று பின்னர் உறுதியானது. நோயுற்ற பீட்டா சங்கிலிகள் ஆக்சிஜன் குறையும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாராக நீளும். காமா சங்கிலி அந்த அடுக்கில் சேராது, நடுவே நின்று அடுக்கை முறிக்கும்.

காமா மரபணு அழிவதில்லை என்பதை மாணவிக்கு முதலில் சொல்லுங்கள். 11-ஆம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமாக்கள், டெல்டா, பீட்டா என்று வரிசையாக நிற்கும் குளோபின் மரபணுக்களில் ஒரு டிஎன்ஏ எழுத்துகூடக் குறையாமல் காமா இரண்டும் அவளுடைய செல்களிலும் அவள் தம்பியின் செல்களிலும் இன்றும் இருக்கின்றன. படிக்கப்படாமல் இருக்கின்றன, அவ்வளவுதான்.

2007, 2008 ஆண்டுகளில், பெரியவர்களானபின்னும் சிலருக்குக் கரு ஹீமோகுளோபின் ஏன் சற்றே அதிகமாக இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதியைத் தேடிப் பார்த்தார்கள். இத்தாலியின் சார்டினியாத் தீவு மக்களும் அதில் அடக்கம். தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம் 11-ஆம் குரோமோசோம் மட்டும் அன்று. 2-ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவிலும் கொண்டுபோய் நிறுத்தியது. ரத்தப் புற்றுநோய் ஆய்வில் முன்பே அறிமுகமான பெயர் அது. ஹீமோகுளோபினோடு அதைத் தொடர்புபடுத்தி அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை. 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் மனிதச் சிவப்பணு முன்னோடிச் செல்களில் பிசிஎல்11ஏ அளவைக் குறைத்தார்கள். காமா மரபணு மீண்டும் பேசத் தொடங்கியது. 2011-இல் அரிவாள் செல் நோயுள்ள எலிகளில் சிவப்பணு வரிசையில் மட்டும் இந்தப் புரதத்தை நீக்கியபோது நோயின் அறிகுறிகள் சீரடைந்தன.

அது எங்கே உட்காருகிறது என்பது 2018-இல்தான் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. காமா மரபணு படியெடுக்கத் தொடங்கும் புள்ளிக்குச் சுமார் 115 எழுத்துகள் முன்னால் டி, ஜி, ஏ, சி, சி, ஏ என்ற ஆறு எழுத்துகள் இருக்கின்றன. துத்தநாகத்தைப் பிடித்து நிற்கும் விரல் போன்ற மடிப்புகளால் பிசிஎல்11ஏ அந்த ஆறெழுத்தைப் பற்றிக்கொள்கிறது. கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் இதில் இரண்டாம் எழுத்தான ஜி, ஏ ஆக மாறியிருப்பதும், அப்படி மாறியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கரு ஹீமோகுளோபின் சுரந்துகொண்டே இருப்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தன. ஓர் எழுத்து மாறியதால் புரதத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் நின்று இந்த ஒன்றை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

உட்கார்ந்த பிறகு என்ன செய்கிறது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். முதலில் லாக் ஓபரான் பற்றிப் பேராசிரியர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுதியது:

மகளே, என்னை அழைத்ததற்கு நன்றி. ஆசிரியை அவர்கள் லாக் ஓபரானைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் பாடநூலில் அது நிறுத்தப்படும் இடத்துக்குச் சற்று அப்பாலும் கொண்டுபோக வேண்டும்.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் அடக்கி என்ற கருத்தை முன்வைத்தபோது அது புரதம் என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ஆர்என்ஏவாக இருக்கலாம் என்றும் எண்ணினார்கள். 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்துப் புரதம் என்று காட்டினார்கள். ஒரு பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதம் சுமார் 10 மூலக்கூறுகள்தான். இந்தப் பத்துப் பேரும் லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதை மாணவர்கள் மனத்தில் பதியும்படி சொல்லுங்கள்.

மேலும், பாடப் படத்தில் அடக்கி ஓரிடத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும். உண்மையில் லாக் அடக்கி நான்கு அலகுகள் கொண்டது. அதற்கு இரண்டு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கை முதன்மை இடத்தைப் பிடித்திருக்கும்போது மறு கை, மேலே 92 எழுத்துகள் தள்ளியோ கீழே 401 எழுத்துகள் தள்ளியோ இருக்கும் துணை இடத்தைப் பிடிக்கும். நடுவில் உள்ள டிஎன்ஏ வளையமாக மடங்கும். ஒரு கை நழுவினாலும் மறு கை விடாது என்பதால் நழுவிய கை உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மூன்று இடங்களும் இருக்கும்போது அடக்கம் சுமார் 1300 மடங்கு. துணை இடங்கள் இரண்டையும் நீக்கிவிட்டால் அது சுமார் 18 மடங்குக்கு இறங்கிவிடுகிறது.

எனவே மாணவர்களிடம் நான் சொல்லி வந்தது இதுதான்: அடக்குவது என்றால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவது அன்று, கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டே நிற்பது. அணைந்த மரபணுவிலும் எப்போதாவது ஒன்றிரண்டு படிகள் எழுதப்பட்டுவிடுகின்றன. பாக்டீரியாவுக்கு அது தேவையும்கூட. அந்தக் கொஞ்சம் நொதி இல்லாவிட்டால் லாக்டோஸ் வந்திருப்பதை உணர்த்தும் அல்லோலாக்டோஸே உள்ளே உண்டாகாது.

மரபணு மாணவி எழுதியது:

> கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டே நிற்பது

ஐயா சொன்ன இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே காமாவுக்கு வருகிறேன். பிடித்து நிற்பதில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

ஆறெழுத்தைப் பற்றிக்கொண்ட பிசிஎல்11ஏ முதலில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. காமாவின் வாசலில், அதாவது படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்கு முன்னால் உள்ள பகுதியில், ஒரே மாதிரியான எழுத்துத் தொடர் இரண்டு முறை வருகிறது. தொடக்கப் புள்ளிக்கு அருகில் உள்ளதில் என்எஃப்-ஒய் என்ற ஊக்கிப் புரதம் வந்து அமர்ந்தால் மரபணு விழிக்கும். தொலைவில் உள்ளதில் பிசிஎல்11ஏ அமர்ந்துவிட்டால் பக்கத்தில் என்எஃப்-ஒய்க்கு இடம் போதாது. இது கிட்டத்தட்ட லாக் அடக்கி செய்வதைப் போன்றதுதான்; வழிமறிப்பது பாலிமரேஸை அன்று, அதை அழைத்துவரும் புரதத்தை.

இரண்டாவது வேலைக்கு அது ஆட்களை அழைக்கிறது. நியூஆர்டி என்ற புரதக் கூட்டமைப்பு வருகிறது. நம் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில், உருண்டைக்கு 147 கார இணைகள் (எழுத்து ஜோடிகள்) என்ற கணக்கில், சுற்றியிருக்கிறது அல்லவா? ஹிஸ்டோனின் வால்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. டிஎன்ஏ எதிர்மின்னேற்றம் கொண்டது. வாலில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஏறும்போது ஈர்ப்புத் தளர்ந்து சுருள் நெகிழும். நியூஆர்டியில் உள்ள நொதிகள் அந்த அசெட்டைல் குழுக்களைக் கழற்றிவிடுகின்றன. சுருள் மீண்டும் இறுகுகிறது. அதே கூட்டமைப்பில் உள்ள மற்றொரு புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து உருண்டைகளையே நகர்த்தி வைக்கிறது. பாக்டீரியாவுக்கு ஹிஸ்டோன் சுருள் இல்லாததால் லாக் பாடத்தில் இந்த வேலைக்கு இடமே இல்லை.

மூன்றாவது, பிசிஎல்11ஏ தனியாக நிற்கவில்லை. அதே வாசலில் 200 எழுத்துகள் முன்னால் எல்ஆர்எஃப் என்ற வேறொரு அடக்கியும் நிற்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றது ஓரளவுதான் தாங்கும். இரண்டையும் ஒருசேர நீக்கினால் காமா கிட்டத்தட்ட முழு வேகத்தில் திறந்துகொள்கிறது.

ஒவ்வொரு நொடியும் நம் மஜ்ஜையிலிருந்து சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக வெளிவருகின்றன. அவை அத்தனையின் முன்னோடிச் செல்களிலும் பிசிஎல்11ஏ வந்து, இடத்தைப் பிடித்து, ஆட்களை அழைத்து, காமாவை மூடி வைக்க வேண்டும். பிறந்தபோது ஒருமுறை அணைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. உங்கள் மாணவியின் தம்பியினுடைய எலும்புக்குள் இந்தப் பதிவை நீங்கள் படிக்கும் நொடியிலும் அந்த அணைப்பு நடந்துகொண்டிருக்கிறது.

வேதியியல் வாசகர் எழுதியது:

மாணவி எழுதியதைப் படித்தேன். மிகவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு மாறுபாடு. மரபணுவை நிலையாக அணைத்து வைப்பது டிஎன்ஏவின் மேல் ஏறும் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுதான், புரதங்கள் வந்து போகிறவை என்று நான் படித்திருக்கிறேன். பெரியவர்களின் காமா வாசலில் மெத்தில் குழுக்கள் நிறைய இருப்பது பழைய கண்டுபிடிப்பு. 1982-இல் மெத்தில் ஏற்றத்தைத் தடுக்கும் அசாசைட்டிடின் மருந்தைத் தலசீமியா என்ற பரம்பரைச் சோகை நோயாளிக்குக் கொடுத்தபோது காமா குளோபின் பெருகியது. அப்படியானால் உண்மையான பூட்டு மெத்தில். புரதம் வெறும் காவலாளி என்றுதானே கொள்ள வேண்டும்?

மரபணு மாணவி எழுதியது:

நியாயமான கேள்வி ஐயா. 1982-ஆம் ஆண்டுச் சோதனை நீங்கள் சொல்வதுபோலவே நடந்தது. ஆனால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அப்போதே கருத்து வேறுபாடு எழுந்தது. அந்த மருந்து மெத்திலைத் தடுப்பதோடு, பிரிந்து பெருகும் செல்களைக் கொல்லவும் செய்யும். மஜ்ஜைக்கு ஏற்படும் அந்த நெருக்கடியே காமாவைக் கூட்டியிருக்கலாம் என்று கருதியவர்கள், மெத்திலோடு தொடர்பே இல்லாத ஹைட்ராக்சியூரியாவை 1984-இல் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் கரு ஹீமோகுளோபின் கூடியது. இன்று அரிவாள் செல் நோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மாத்திரை அதுதான்.

மெத்திலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மெத்தில் ஏறிய டிஎன்ஏவை அடையாளம் காணும் எம்பிடி2 என்ற புரதம் நியூஆர்டி கூட்டமைப்பிலேயே இருக்கிறது. அதை நீக்கினாலும் காமா திறக்கிறது. ஆனால் இங்கேயும் பாருங்கள், மெத்தில் தானாக எதையும் அணைக்கவில்லை. அதைப் படிக்க ஒரு புரதம் தேவைப்படுகிறது. செல் பிரியும்போது புதிய இழையில் அதை மறுபடி எழுத இன்னொரு நொதி தேவைப்படுகிறது. முழு வளர்ச்சியடைந்த எலியில் மெத்திலைத் தொடாமல் பிசிஎல்11ஏவை மட்டும் நீக்கினாலே காமா விழித்துக்கொள்கிறது என்பதைத்தான் நான் முதன்மையான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பூட்டு, காவலாளி என்று இரண்டாகப் பிரித்தால் இது பிடிபடாது. எல்லாமே திரும்பத் திரும்பச் செய்யப்படும் வேலைகள்.

நுண்ணோக்கி எழுதியது:

ஹைட்ராக்சியூரியா பற்றிச் சொன்னதால் நான் பார்த்த ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த மாத்திரையைத் தொடங்கிச் சில மாதங்களான நோயாளியின் ரத்தத்தை அமிலச் சோதனையில் பார்த்தால், எல்லாச் செல்களும் கொஞ்சம் கொஞ்சம் சிவப்பாக மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அப்படி இருப்பதில்லை. வெளிறிய வட்டங்களுக்கு நடுவே சிவப்புச் செல்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கும். ஒரு செல் நன்கு சிவந்திருக்கும். அதை ஒட்டியிருக்கும் செல் வெறும் உறையாக இருக்கும். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே மஜ்ஜையில் பிறந்தவை. இது ஏன் இப்படி?

மரபணு மாணவி எழுதியது:

நீங்கள் பார்த்தவற்றை எஃப் செல்கள் என்போம் அண்ணா. அடக்கிப் புரதத்தின் பிடி ஒவ்வொரு முன்னோடிச் செல்லிலும் தனித்தனியாக வெல்கிறது அல்லது தோற்கிறது. மஜ்ஜை அவசரமாகச் செல்களை உருவாக்கும்போது, காமாவை மூடி முடிப்பதற்குள்ளேயே சில செல்கள் முதிர்ந்து வெளியே வந்துவிடுகின்றன என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். நோயாளியின் நலனுக்கு மொத்த அளவு மட்டும் போதாது. எத்தனை செல்கள் காமாவைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதும் சம அளவு முக்கியம். வெறுமையான செல் அரிவாளாகத்தான் வளையும்.

இந்தியாவில் அரிவாள் மரபணு பெரும்பாலும் அரபு-இந்திய வகை என்ற சூழலில் வருகிறது. அந்த வகையில் காமா மரபணு ஒன்றின் வாசலில், 158-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அதையுடையவர்களுக்குக் கரு ஹீமோகுளோபின் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். ஒரே நோயுள்ள இருவரில் ஒருவருக்கு வலி குறைவாகவும் மற்றவருக்கு மிகுதியாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தவியல் மருத்துவர் எழுதியது:

சிகிச்சைப் பக்கத்தை நான் சொல்கிறேன். பிசிஎல்11ஏவை உடல் முழுவதும் நீக்க முடியாது. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய பி செல்கள் உருவாகவும் மூளை வளரவும் அது வேண்டும். அது அறவே இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த உடனே இறந்துவிடுகின்றன. அந்த மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று பழுதான குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி குன்றுகிறது. ஆனால் சிவப்பணு வரிசையில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டிவிடும் ஒரு சிறு பகுதி அதன் உள்ளேயே, படியெடுத்தபின் வெட்டி நீக்கப்படும் துண்டில், இருப்பது 2013-இல் தெரியவந்தது. அந்த ஓரிடத்தை, குறித்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கத்தரியால் வெட்டினால் சிவப்பணுக்களில் மட்டும் அடக்கி குறையும். மற்ற உறுப்புகளில் அப்படியே இருக்கும்.

அடக்கியை அடக்கும் இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் வழங்கின. அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டுக்கு மேல் கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை. பெருமகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் அதன் விலை 22 லட்சம் அமெரிக்க டாலர். திருத்திய செல்களை ஏற்றுவதற்கு முன் கடுமையான வேதிமருந்தால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். அதில் கருவளம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. ஆசிரியை அவர்கள் வகுப்பில் இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குடும்பம் இதை உடனே கிடைக்கும் மருந்து என்று எண்ணிவிடாதபடி சொல்ல வேண்டுகிறேன். இன்று அந்தச் சிறுவனுக்குத் தேவை, தவறாமல் ஹைட்ராக்சியூரியாவும், தடுப்பூசிகளும், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனையும்.

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் அறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷும் அதைப் பதிவு செய்தார்கள். அதே மலையில் ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள் என்பதைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது.

கூடலூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. திங்கட்கிழமை பாடம் நடந்தது. கரும்பலகையில் ஆறு எழுத்துகளையும் எழுதி, இரண்டாம் எழுத்தை அழித்து மாற்றிக் காட்டினேன். வகுப்பே அமைதியாக இருந்தது. "தம்பியின் உடம்பில் அந்த நல்ல மரபணு இன்றும் இருக்கிறது, ஒரு புரதம் அதை மூடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று சொன்னபோது அவள் தன் நோட்டில் அந்த ஆறு எழுத்துகளையும் ஒருமுறை எழுதிக்கொண்டாள். பிறகு அவள் கேட்ட கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல இயலவில்லை: "அந்தச் சிகிச்சை எடுத்துக்கிட்டா, நாளைக்கு அவனுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இந்தச் சீக்கு வராதா டீச்சர்?"

ரத்தவியல் மருத்துவர் எழுதியது:

அது பிள்ளைக்குப் போகாது அம்மா. திருத்தப்படுவது மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் மட்டுமே. விந்தணுவிலும் கருமுட்டையிலும் பழைய எழுத்துகளே இருக்கும். சிகிச்சை பெற்றவரும் தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரிவாள் மரபணுவின் ஒரு படியைக் கொடுக்கவே செய்வார். வாழ்க்கைத்துணையிடம் அந்த மரபணு இல்லையென்றால் பிள்ளைக்கு நோய் வராது. ஒரு படியைச் சுமக்கும். துணையும் ஒரு படி சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி நோய்க்கு வாய்ப்புண்டு. ஆகவே அவன் வளர்ந்ததும் மணமுடிக்கும் முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்த மாணவியும் தான் ஒரு படி சுமக்கிறாளா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளலாம். 2023-இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தின் கீழ் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

நுண்ணோக்கி எழுதியது:

ஆசிரியை அவர்களே, யாருடைய ரத்தம் என்ற விவரம் எதுவும் இல்லாத இரண்டு சில்லுகளின் நுண்ணோக்கிப் படங்களை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். ஒன்று தொப்புள்கொடி ரத்தம், மற்றொன்று பெரியவருடையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெரியவரின் சில்லில் வலப்பக்க மேல் மூலையில் ஒரே ஒரு சிவப்புச் செல் இருக்கிறது. பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.